பாட்டு கிளாசுக்கு ஒரு அரங்கு

ஆன்லைன் பாட்டு கிளாசுக்கு வீட்டில் எப்படி இடம் ஒதுக்குவது என்று தேடினால் வந்து விழும் குறிப்புகள் எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும். இந்த மைக் வாங்கு, அந்த ஹெட்போன் வாங்கு, சுவரில் ஃபோம் ஒட்டு, வெளிச்சம் முகத்தில் விழணும். எல்லாம் சரிதான். ஆனா கீரிப்பாறை மாதிரி ஒரு ஊரில், ஆடி மாசத்து மழையில், ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே உட்கார்ந்திருக்கிற ஒரு பிள்ளைக்கு இது எதுவும் உதவாது. மூணு மாசமா இந்த வேலையில் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தபோது, பாட்டுப் படிக்கிற இடத்துக்கே ஒரு பெரிய சரித்திரம் இருக்குதேன்னு தோணிச்சு. அதைத்தான் எழுதப் போகிறேன். நீளமான பதிவு. ஒரு கட்டன் சாயா போட்டு வைத்துக்கொண்டு வாசியுங்க :-)

எங்க ஊரைத் தெரியாதவர்களுக்கு ஒரு சின்ன அறிமுகம். நாகர்கோவிலிலிருந்து பூதப்பாண்டி, தடிக்காரன்கோணம் தாண்டி வந்தால் மலையடிவாரத்தில் கீரிப்பாறை. காளிகேசம் போகிறவர்கள் எங்களைத் தாண்டித்தான் போகணும். சுற்றிலும் ரப்பர். அரசு ரப்பர் கழகம் என்ற பெயரில் 1984இல் இருந்து இயங்குகிற தோட்டங்கள். 1964 அக்டோபர் 30 அன்று கையெழுத்தான சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தம் ஞாபகம் இருக்கும். இலங்கை மலையகத்தில் இருந்த 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வதாகப் பேச்சு. அப்படித் திரும்பி வந்த குடும்பங்களில் ஒரு பகுதிக்கு இந்த ரப்பர் தோட்டங்களில்தான் வேலை கிடைத்தது.

அப்படி ஒரு குடும்பத்துப் பிள்ளை எங்க வீட்டுக்கு நாலு வீடு தள்ளி இருக்கிறாள். ஏழாம் வகுப்பு. அம்மா விடியுமுன்னே பால்வெட்டுக்குப் போகிறவர். பாட்டி ஹட்டன் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர், இன்றைக்கும் இலங்கை வானொலி என்று சொன்னால் முகம் மாறும். பிள்ளைக்கு நல்ல குரல். நாகர்கோவிலில் ஒரு பாட்டு டீச்சர் வாரம் ரெண்டு நாள் ஆன்லைனில் சொல்லிக்கொடுக்க ஒத்துக்கொண்டார். பஸ்ஸில் போய் வந்தால் போக ஒரு மணி நேரத்துக்கு மேல், வர ஒரு மணி நேரத்துக்கு மேல், திரும்புவதற்குள் இருட்டிவிடும். அதனால் ஆன்லைன்தான் வழி. ரெண்டு மாசம் கழிந்து டீச்சர் சொன்னது: "பிள்ளைக்கு சுருதி நிக்க மாட்டேங்குது. கஷ்டம்தான்."

அம்மா என்னிடம் வந்து, "அண்ணே, நம்ம வீட்டுப் பிள்ளைகளுக்கு இதெல்லாம் வராதோ?" என்று கேட்டார். எனக்கு அந்தக் கேள்விதான் உறுத்தியது. இந்தப் பதிவுக்கு அதுதான் காரணம்.

கோல் கணக்கு

தமிழில் இசைக்கும் கூத்துக்கும் இடம் அளந்து கட்டின கணக்கு சிலப்பதிகாரத்திலேயே இருக்குது. அரங்கேற்று காதையில் மாதவி ஆடுகிற அரங்குக்கு அளவு சொல்கிறார் இளங்கோ. மூங்கிலில் 24 பெருவிரல் அளவுக்கு ஒரு கோல் வெட்டி, அந்தக் கோலால் எட்டுக் கோல் நீளம், ஏழு கோல் அகலம், ஒரு கோல் உயரம். மேலே பலகைக்கும் கீழே பலகைக்கும் நடுவே நாலு கோல் இடைவெளி. தூண் நிழல் ஆட்டத்தின் மேல் விழாதபடி விளக்கு வைக்கிற முறைகூட உண்டு. வெளிச்சம் முகத்தில் விழணும் என்று இன்றைக்கு ஆன்லைன் குறிப்பு சொல்கிறவர்கள் புதுசா எதையும் கண்டுபிடித்துவிடவில்லை, கேட்டீங்களா.

நம்ம சுசீந்திரத்துக்கு வாங்க. தாணுமாலயன் கோயிலில் ஒற்றைக் கல்லில் செதுக்கின இசைத்தூண்கள். தட்டினால் ஒவ்வொரு கம்பத்திலும் ஒவ்வொரு நாதம். கல்லுக்குள் இருந்து சத்தத்தை வரவழைக்கத் தெரிந்த ஊர் இது.

அதைவிட எனக்குப் பிடித்த சங்கதி திருவனந்தபுரம் நவராத்திரி மண்டபம். திருவிதாங்கூரின் தலைநகர் பத்மநாபபுரத்திலிருந்து 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் திருவனந்தபுரம் போனது. அரசு போனாலும் பத்மநாபபுரம் தேவாரக்கட்டு சரஸ்வதி இங்கேயே இருந்துகொண்டாள். நவராத்திரிக்கு மட்டும் இங்கிருந்து ஊர்வலமாகப் புறப்பட்டு அங்கே போய்விட்டுத் திரும்பி வருவாள். கூடவே வேளிமலை குமாரசுவாமியும் சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் போவார்கள். 1956 நவம்பர் 1இல் குமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்த பிறகும் இந்தப் பயணம் நிற்கவில்லை. பாட்டுக் கச்சேரிக்காக ஒரு சாமி மாநிலம் தாண்டிப் போய்வருகிறது என்றால் சும்மாவா?

அந்த மண்டபத்தின் கூரையில் மண்பானைகளைக் கவிழ்த்துத் தொங்கவிட்டிருப்பார்கள். எதிரொலியை அடக்கி, பாடுகிறவர் குரலைத் துலக்கமாகக் கேட்க வைக்கிற ஏற்பாடு. இன்றைக்கு கடையில் "அக்கூஸ்டிக் பேனல்" என்று விற்பதற்கு அந்தக் காலத்து அண்ணன்.

ஆனா அந்த மண்டபத்துக்கு இன்னொரு சரித்திரமும் உண்டு. சரஸ்வதி முன்னால் பெண்கள் யாரும் கச்சேரி செய்ய முடியாது. தலைமுறை தலைமுறையா அப்படித்தான். 2006இல்தான் முதல் பெண் அங்கே உட்கார்ந்து பாடினார். பாறசாலை பொன்னம்மாள். எங்க மாவட்டத்து எல்லையைத் தாண்டினால் முதலில் வருகிற ஊர் பாறசாலை. 1924இல் பிறந்தவர், அங்கே பாடும்போது வயசு 81. திருவனந்தபுரத்து சங்கீத அகாடமியில் சேர்ந்த முதல் பெண் மாணவியும் அவர்தான், பிறகு அங்கேயே சொல்லிக்கொடுத்த முதல் பெண்ணும் அவர்தான். 2017இல் பத்மஸ்ரீ. 2021இல் காலமானார். படிக்கிற அறையில் இடம் கிடைக்க இருபது வயசு போதும், பாடுகிற அறையில் இடம் கிடைக்க எண்பது ஆகணும் போல. பிள்ளையின் அம்மா கேட்ட கேள்விக்கு நான் முதலில் நினைத்துக்கொண்டது இந்தப் பொன்னம்மாளைத்தான். வராதா என்பது ஒரு கேள்வி, உட்கார விட்டார்களா என்பது வேற கேள்வி.

திண்ணையிலிருந்து வகுப்பறைக்கு

குருகுலம் என்று பெருமையாச் சொல்கிறோம். இடம் என்று பார்த்தால் அது குருவின் வீடு. திண்ணை, முற்றம், அடுக்களை வாசல். தண்ணி இறைத்து, துணி துவைத்து, நடுவில் காதில் விழுந்ததைப் பிடித்துக்கொள்வது. பாடம் என்று தனியா ஒரு நேரம் கிடையாது. யார் அந்த வீட்டுக்குள் போய்த் தங்க முடியும் என்பதில்தான் எல்லாமே அடங்கி இருந்தது. சாதி, ஆண், பெண், உறவு எல்லாம் அந்த வாசப்படியிலேயே தீர்ந்துவிடும்.

நாகர்கோவில் வடிவீஸ்வரத்தில் 1839இல் பிறந்த நீலகண்ட சிவன் தமிழில் ஏராளமான கீர்த்தனைகள் செய்தவர். பின்னால் வந்த பாபநாசம் சிவன் (1890-1973) சின்ன வயசில் திருவனந்தபுரத்தில் இருந்தபோது நீலகண்ட சிவனின் பஜனையால் கவரப்பட்டவர். அந்த மாதிரி பஜனைதான் வாசப்படியைக் கொஞ்சம் அகலமாக்கியது. தெருவில் நடக்கிற பாட்டுக்கு சுவர் கிடையாதே.

அடுத்து புத்தகம். 1904இல் எட்டயபுரத்தில் சுப்பராம தீட்சிதரின் சங்கீத சம்பிரதாய பிரதர்சினி தெலுங்கில் அச்சானது. 1917இல் தஞ்சாவூர் ஆபிரகாம் பண்டிதரின் கருணாமிர்த சாகரம் தமிழில் வந்தது. ஸ்வரக் குறிப்பு அச்சில் வந்ததும் குரு இல்லாத வீட்டுக்குள்ளும் பாட்டு நுழைந்தது. அதில் கமகம் வருமா என்ற சண்டை அன்றே தொடங்கி இன்று வரை ஓயவில்லை.

பிறகு கல்லூரிகள். 1929இல் சிதம்பரத்தில் அண்ணாமலை செட்டியார் முயற்சியில் இசைக் கல்லூரி. 1939இல் திருவனந்தபுரத்தில் சுவாதித் திருநாள் பெயரால் அகாடமி. முதல் தலைவர் ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதர், அவருக்குப் பின் செம்மங்குடி சீனிவாச ஐயர். பெஞ்சு, மணி, வருகைப் பதிவேடு, தேர்வு. பழைய ஆட்கள் முகம் சுளித்தார்கள். ஆனா பொன்னம்மாள் மாதிரி ஒருத்தர் உள்ளே வர அந்த மணியும் பதிவேடும்தான் கதவு திறந்துவிட்டன.

பெட்டிகளின் காலம்

வீட்டுக்குள் பாட்டைக் கொண்டுவந்ததில் பெரிய பங்கு பெட்டிகளுக்குத்தான். முதல் பெட்டி ஆர்மோனியம். 1842இல் பாரிசில் டெபேன் என்பவர் காப்புரிமை வாங்கினது. காலால் மிதிக்கிற அந்தப் பெட்டியைக் கையால் துருத்தி அடிக்கிற மாதிரி கல்கத்தாவில் துவாரகாநாத் கோஷ் மாற்றினார். தரையில் சம்மணம் போட்டு உட்காருகிற நம்ம ஆட்களுக்கு அப்புறம்தான் அது சொந்தமானது. நாடகக் கொட்டகை, கோயில் பஜனை, எங்க மாவட்டத்து சர்ச்சுகள் என்று எல்லா இடத்திலும் போய் உட்கார்ந்துகொண்டது.

அகில இந்திய வானொலி 1940இல் ஆர்மோனியத்துக்குத் தடை போட்டது. கமகம் வராத பெட்டி என்று குற்றச்சாட்டு. 1971 வரை அந்தத் தடை நீடித்தது. வேடிக்கை என்னன்னா, இன்றைக்கும் "உனக்கு எத்தனை கட்டை சுருதி" என்றுதான் கேட்கிறோம். கட்டை என்பது ஆர்மோனியத்தின் கட்டை. பெட்டியை வெளியே தள்ளினவர்களும் அதன் கணக்கை வைத்துத்தான் பாடினார்கள்!

ரெண்டாவது பெட்டி ரேடியோ. 1938இல் சென்னை, 1939இல் திருச்சி, 1943இல் திருவிதாங்கூர் அரசின் திருவனந்தபுரம் நிலையம், 1963இல் திருநெல்வேலி. திருவனந்தபுரம் நிலையத்தில் எம்.ஜி. ராதாகிருஷ்ணன் நடத்தின லளித சங்கீத பாடம் ரொம்பப் பிரபலம். ஒரு வரி பாடுவார், திருப்பிப் பாட இடம் விடுவார். எல்லைக்கு இந்தப் பக்கம் இருக்கிறவர்களும் கேட்டுப் பாடினார்கள். யோசித்துப் பார்த்தால் அதுதான் முதல் ஆன்லைன் கிளாஸ். ஒரே வித்தியாசம், நாம தப்பாப் பாடினால் ரேடியோவுக்குத் தெரியாது.

1984 அக்டோபர் 30இல் நாகர்கோவிலுக்கு ஒரு பெருமை கிடைத்தது. இந்தியாவின் முதல் உள்ளூர் வானொலி நிலையம் இங்கேதான் தொடங்கியது. பெரிய நகரங்களுக்கு இல்லாத பாக்கியம்.

மூன்றாவது பெட்டி கேசட் டேப்ரெக்கார்டர். பாடத்தைப் பதிந்துகொண்டு வீட்டில் நூறு தடவை கேட்கலாம். 1983க்குப் பிறகு இலங்கைத் தமிழர்கள் டொராண்டோ, லண்டன், ஓஸ்லோ என்று சிதறினபோது, ஊரில் இருக்கிற வாத்தியாரின் குரல் கேசட்டாகத்தான் பல வீடுகளுக்குப் போனது.

நாலாவது, 1979இல் பெங்களூரில் ராஜ் நாராயண் செய்த எலக்ட்ரானிக் சுருதிப் பெட்டி. ராடெல் என்ற பெயர் பாட்டுப் படிக்கிற வீடுகளில் தெரியாமல் இருக்காது. தம்புரா வாங்க வசதி இல்லாத, மீட்ட ஆள் இல்லாத வீட்டிலும் சுருதி நின்றது. இந்தப் பெட்டியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்க, கீழே வேலை இருக்குது.

கம்பி வழிப் பாட்டு

2003இல் ஸ்கைப் வந்தது. கொஞ்ச வருஷத்தில் மயிலாப்பூர் வாத்தியார்கள் விடியற்காலையில் எழுந்து அமெரிக்கப் பிள்ளைகளுக்கு சரளி வரிசை சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார்கள். 1978இல் தொடங்கின கிளீவ்லாண்ட் தியாகராஜ ஆராதனைக்காரர்கள் சென்னை வித்வான்களிடம் அங்குள்ள பிள்ளைகளை இணையம் வழியாகப் பாடம் கேட்க வைத்தார்கள். வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு மட்டும் உரிய விஷயமாக இருந்தது அது.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது நிலைமை தலைகீழானது. தெருமுனை பாட்டு டீச்சரும் செல்போனை சொம்பில் சாய்த்து வைத்துக்கொண்டு கிளாஸ் எடுத்தார். அந்த டிசம்பரில் மியூசிக் அகாடமி விழாவே இணையத்தில் நடந்தது. ஊரடங்கு போன பிறகும் ஆன்லைன் கிளாஸ் போகவில்லை. கீரிப்பாறைக்கு அது வந்து சேர்ந்தது அதன் பிறகுதான்.

சுருதி எங்கே போச்சு?

இப்போ அந்தப் பிள்ளை விஷயம். ஒரு நாள் கிளாசில் நானும் போய் உட்கார்ந்தேன். டீச்சர் அந்தப் பக்கம் சுருதிப் பெட்டி போட்டிருப்பது படத்தில் தெரியுது. இந்தப் பக்கம் ஒரு சத்தமும் இல்லை. டீச்சர் குரல் மட்டும் வருது, சுருதி வரவில்லை. பிள்ளை எதைப் பிடித்துக்கொண்டு பாடும்?

காரணம் ரொம்ப எளிது. இந்த மாதிரி செயலிகள் பேச்சுக்காகச் செய்தவை. மாறாமல் ஒரே சீரா வருகிற எந்தச் சத்தத்தையும் ஃபேன் சத்தம், ஏசி சத்தம் என்று நினைத்து வடிகட்டிவிடும். மாறாமல் ஒரே சீரா நிற்பதுதானே தம்புரா! நம்ம சங்கீதத்துக்கு அஸ்திவாரமே அதுதான். மெஷினுக்கு அது குப்பை. குப்பையைக் கூட்டித் தள்ளிவிட்டு, பிள்ளைக்கு சுருதி நிக்கலைன்னு ஒரு தீர்ப்பு. டீச்சர் மேல் தப்பே இல்லை, அவருக்கு அவர் பெட்டி நல்லாவே கேட்டுக்கொண்டிருந்தது.

ரெண்டாவது சிக்கல் தாமதம். சத்தம் காற்றில் ஒரு செகண்டுக்கு ஏறக்குறைய 340 மீட்டர் போகும். இணையத்தில் 100 மில்லிசெகண்ட் தாமதம் என்றால் டீச்சர் 34 மீட்டர் தள்ளி நின்று பாடுகிற மாதிரி. சேர்ந்து பாட இருபது முப்பது மில்லிசெகண்டைத் தாண்டக்கூடாது. அதனால் ஆன்லைனில் சேர்ந்து பாடவே முடியாது. போதாததுக்கு ரெண்டு பேரும் ஒரே நேரம் வாய் திறந்தால் செயலி ஒரு குரலை அமுக்கிவிடும்.

ஆனா பாருங்க, தாமதம் தாளத்தைத்தான் கெடுக்கும், சுருதியைக் கெடுக்காது. அஞ்சு கட்டை அங்கேயும் அஞ்சு கட்டைதான், அரை செகண்ட் கழிந்து இங்கேயும் அஞ்சு கட்டைதான். அதனால் ரெண்டு பக்கமும் தனித்தனியா சுருதி போட்டுக்கொள்வது என்று முடிவு. பிள்ளைக்கு ஒரு பழைய எலக்ட்ரானிக் சுருதிப் பெட்டி ஏற்பாடு செய்தோம். செயலியில் ஒலியை உள்ளபடியே அனுப்புகிற அமைப்பு ஒன்று இருக்கும், அதை டீச்சரையும் போட்டுவிடச் சொன்னோம். சேர்ந்து பாடுவதை விட்டுவிட்டு, டீச்சர் ஒரு தடவை, பிள்ளை ரெண்டு தடவை. வேதமும் பிரபந்தமும் சந்தை சொல்லிக்கொடுக்கிற பழைய முறை இதுதான். புது மெஷினுக்குப் பழைய முறைதான் ஒத்துவந்தது.

எங்க வீட்டு அரங்கு

மிச்சம் இருந்தது மழை. ஆஸ்பெஸ்டாஸ் கூரையில் மழை விழுந்தால் பக்கத்தில் இருக்கிறவர் பேச்சே கேட்காது. எங்களுக்கு ரெண்டு பருவமழையும் உண்டு, வருஷத்தில் பாதி கிளாஸ் போய்விடும். என் வீடு பழைய ஓட்டு வீடு. நாஞ்சில் நாட்டு வீடுகளில் உள்ளே ஒரு அறை இருக்கும், நெல்லும் பாத்திரமும் வைக்கிற இருட்டறை. அதுக்குப் பெயரே அரங்குதான்! மேலே பலகை மச்சு இருப்பதால் ஓட்டில் விழுகிற மழை உள்ளே பாதிகூடக் கேட்காது. எட்டடிக்குப் பத்தடி. மாதவி அரங்கோடு ஒப்பிட்டால் ரொம்பச் சின்னது, போகட்டும்.

செய்தது இவ்வளவுதான்:

1. பாத்திரங்களை எல்லாம் வெளியே எடுத்தோம். சில ஸ்வரத்துக்கு பித்தளைக் குடம் கூடவே பாடும், நம்பணும்.

2. பத்தாயம் அப்படியே இருக்கட்டும் என்று விட்டோம். வெறும் சுவருக்கு கயிற்றுப் பாய் ரெண்டு, பழைய பருத்தி மெத்தை ஒன்று. சுவரை ஒட்டாமல் நாலு விரல் இடைவெளி விட்டுத் தொங்கவிட்டால் இன்னும் நல்லா எதிரொலி அடங்கும்.

3. ரப்பர் ஊரில் இருந்துகொண்டு ரப்பர் ஷீட் ஒட்டலாமே என்று ஒரு அண்ணாச்சி யோசனை சொன்னார். ரப்பர் அதிர்வைத் தாங்கும், எதிரொலியை உறிஞ்சாது. அந்தப் புகை நாற்றத்தில் யார் பாடுவது?

4. போனை முகத்துக்கு நேரா, வாயிலிருந்து ஒரு முழம் தள்ளி, முக்காலி மேல் மடித்த துண்டு போட்டு வைத்தோம். சுருதிப் பெட்டி பிள்ளைக்குப் பின்னால், போனை விட்டு விலகி.

5. சிக்னல் அரங்குக்குள் வராது. தார்சாவில் ஜன்னலோரம் இன்னொரு போனை வைத்து அதிலிருந்து ஹாட்ஸ்பாட். இழுத்தால் வீடியோவை அணைத்துவிட்டு ஒலி மட்டும்.

6. விளக்கு முன்பக்கம், கொஞ்சம் உயரத்தில். டீச்சருக்கு வாய் திறப்பும் தாளம் போடுகிற கையும் தெரியணும்.

புதுசா வாங்கினது ஒரு இயர்போன் மட்டும்.

மூணாவது வாரம் கர்க்கடக மழை கொட்டோ கொட்டு என்று கொட்டுது. உள்ளே மாயாமாளவகௌளையில் ஜண்டை வரிசை. டீச்சர் கொஞ்ச நேரம் ஒண்ணும் சொல்லவில்லை. பிறகு, "மக்ளே, இன்னொரு தடவ பாடு" என்றார். பாடினாள். "சுருதி நிக்கே பிள்ளே! இத்தன நாளும் இது எங்க போச்சு?" என்றார். தார்சாவில் இருந்த பிள்ளையின் அம்மா, கையில் இருந்த குடையை மடக்காமலே நின்றுகொண்டிருந்தார்.

பிள்ளை பெரிய பாடகி ஆவாளா என்று எனக்குத் தெரியாது. அது அவள் இஷ்டம், அவள் உழைப்பு. ஆனா "வராது" என்று சொல்லி எழுப்பிவிடுகிறதுக்கு முன்னால், அந்தப் பிள்ளை உட்கார்ந்திருக்கிற இடத்தில் சுருதி கேட்குதா என்று ஒரு தடவை போய்ப் பார்க்கணும். நூற்றாண்டுக் கணக்கா பலபேருக்கு நாம அதைப் பார்க்கவே இல்லை. பாட்டுக்கு மட்டும் இல்லை, கணக்குக்கும் இங்கிலீசுக்கும் இதே கதைதான்.

உங்க ஊர்ப் பழைய வீடுகளில் இந்த மாதிரி உள்ளறை இருந்தால் அதுக்கு என்ன பெயர், இப்போ அதில் என்ன வைத்திருக்கிறீங்க என்று எழுதுங்க, வாசிக்க ஆசை. நாங்க வெளியே எடுத்த பாத்திரமெல்லாம் இன்னும் அடுக்களை நடையில்தான் கிடக்குது. வீட்டம்மா அதைப் பற்றி தினமும் ஒரு தடவை நினைவூட்டுகிறாள் :-)